நின்றே வேலை பார்க்கிறவர்களின் கால்: ஸ்டாக்கிங் போட்டால் சரியாகுமா?

கேள்வி: 3 மார்ச் 2024
கோவையில் நகைக்கடை கவுண்டரில் நிற்கிறேன். வயது 23. காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை வேலை. சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் கல்லைக் கட்டிவிட்டதுபோல் கனக்கிறது. பாதம் வீங்கி, செருப்பு வார் அச்சு அப்படியே பதிந்துவிடுகிறது. போன வாரம் நின்றபடியே கண் இருட்டி, ஷோகேஸைப் பிடித்துக்கொண்டேன். காலில் ரத்தம் தேங்குகிறது, கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங் (காலை இறுக்கிப் பிடிக்கும் நீளக் காலுறை) போடு என்று கூட வேலை பார்க்கும் அக்கா சொன்னார். மருந்துக்கடையில் 'எம்' சைஸ் வாங்கினேன். முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியதுபோல் இறுக்கி, சிவப்பாக வரி விழுகிறது. கால் முன்பைவிட வலிக்கிறது. இதெல்லாம் வெறும் வியாபாரம்தானா?

3 மார்ச் 2024, இரவு 11.15
வியாபாரம் இல்லை தங்கச்சி. அளவு தப்பு.

மதுரையில் தெற்கு மாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் 14 வருஷமாக நிற்கிறேன். இடது காலில் வெரிகோஸ் வெயின் என்கிற சுருட்டல். ஸ்டாக்கிங் போட ஆரம்பித்து ஐந்தாவது வருஷம் நடக்கிறது. முதல் ஜோடியை நானும் உன்னைப் போலத்தான் வாங்கினேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து 'எல்' என்றார், வாங்கிக்கொண்டு வந்தேன். ஆளின் உடம்புவாகைப் பார்த்து எடுக்க இது நைட்டி இல்லை.

காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன்னால் டேப் வைத்து அள. கணுக்கால் எலும்புக்கு மேலே மிகவும் ஒல்லியான இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலில் மிகவும் பருத்த இடத்தின் சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். இந்த மூன்றும் வேண்டும். பெட்டியின் பின்னால் அட்டவணை இருக்கும், அதில் எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அதுதான் உன் சைஸ். சரியான ஸ்டாக்கிங் கணுக்காலில் அதிகமாக இறுக்கும், மேலே போகப்போகத் தளரும். உனக்குத் தலைகீழாக இருக்கிறது. மேல் விளிம்பு சுருண்டு இறங்கியிருக்கும், அல்லது நீளம் அதிகம் என்று நீயே மடித்து விட்டிருப்பாய். மடித்தால் அந்த இடத்தில் இறுக்கம் இரட்டிப்பாகி, கீழேயிருந்து ஏற வேண்டிய ரத்தத்தை அதுவே தடுத்துவிடும். நாளைக்கு அதைப் போடாதே.

கால் வீங்குகிற யாருக்கும் நல்ல ஸ்டாக்கிங் உதவும், என் அனுபவம் அது.

4 மார்ச் 2024, காலை 6.50
சொல்ல விட்டுப்போனது. பெட்டியில் 15-20, 20-30 என்று எண் போட்டிருக்கும். கணுக்காலில் எத்தனை மில்லிமீட்டர் பாதரசம் அழுத்தம் என்று அர்த்தம், பிரஷர் பார்ப்பதும் இதே அளவில்தான். வெறும் களைப்புக்கும் லேசான வீக்கத்துக்கும் 15-20 போதும். எனக்கு டாக்டர் எழுதித் தந்தது 20-30. அதிகம் இறுக்கினால் அதிகம் நல்லது என்று நினைத்து நீயாக மேலே போக வேண்டாம்.

4 மார்ச் 2024, இரவு 10.30
போடுவது எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சாதாரண சாக்ஸைப் போலச் சுருட்டி இழுத்தால் நடுக்காலில் நின்றுவிடும். உள்ளே கைவிட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரைக்கும் வெளிப்புறமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். முதலில் பாதம், குதிகால் குதிகாலில் உட்கார வேண்டும், அப்புறம் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை இருந்தால் துணி வழுக்காது. ஈரக் காலில் முயற்சி வேண்டாம். கொஞ்சம் பவுடர் போட்டுக்கொள்ளலாம்.

மெட்டி போட்ட பெண்களுக்கு: விரல் திறந்த மாடல் கேட்டு வாங்குங்கள். மூடிய மாடலில் மெட்டியின் நுனி மாட்டி இரண்டே நாளில் நூல் பிரிந்தது எனக்கு. கொலுசு இருக்கவே கூடாது. உள்ளே வைத்துப் போட்டால் திருகாணி தோலில் பதிந்து புண்ணாகும், மேலே போட்டால் துணியை இழுக்கும். கல்யாணத்துக்கு அம்மா போட்ட கொலுசைக் கழற்ற எனக்கு மனசே வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறேன்.

6 மார்ச் 2024
ரத்தம் ஏன் தேங்குகிறது என்று கேட்டாய். என் டாக்டர் மேசையில் படம் வரைந்து சொன்னது மனசில் அப்படியே நிற்கிறது.

படுத்திருக்கும் ஆள் எழுந்து நின்றாலே அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடும். இறங்கியது திரும்ப இதயத்துக்கு ஏற வேண்டும். ஏற்றுகிற மோட்டார் கெண்டைக்கால் தசை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தசை சுருங்கி உள்ளே இருக்கும் சிரையைப் பிழிகிறது. மேலே போன ரத்தம் கீழே விழாமல் சிரைக்குள் சின்னச் சின்னக் கதவுகள் தாங்குகின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 வரைக்கும் இருக்கும். நடக்க ஆரம்பித்தால் 30-க்குக் கீழே இறங்கிவிடும். நாள் முழுக்க நிற்கிறவளுக்கும் நாள் முழுக்க நடக்கிறவளுக்கும் வித்தியாசம் இதுதான். எங்கள் கடையில் மேல் மாடிக்கும் கீழுக்கும் துணி தூக்கி ஓடுகிற பையன்களுக்கு ராத்திரி கால் வலிக்கும், ஆனால் எங்களைப் போல வீங்காது. பல வருஷம் இதைப் பார்த்திருந்தும் ஏன் என்று நான் யோசித்ததில்லை.

கதவுகள் பழுதானால் ரத்தம் கீழேயே தங்கி, சிரை புடைத்து, நெளிந்து, பச்சையாகத் தெரியும். ஸ்டாக்கிங் வெளியிலிருந்து சிரையை ஒடுக்கிவிடுவதால் தேங்க இடம் குறைகிறது. கதவுகளும் கொஞ்சம் நெருங்கி மூடுகின்றன. கழற்றினால் பழையபடிதான். பழுதான கதவை அது சரிசெய்வதில்லை.

9 மார்ச் 2024
மேலே எழுதியதில் கடைசி வரியை நான் தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் வீணாயிற்று. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாம் எல்லாவற்றையும் 'நரம்பு' என்கிறோம். கையில் ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கவில்லை" என்போம், காலில் புடைத்தால் "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்போம். அந்த வார்த்தையை நம்பி 2020-ல் நான் போய் உட்கார்ந்தது நரம்பியல் டாக்டரிடம். காலை மடக்கு, நீட்டு என்று பார்த்துவிட்டு, "இது நரம்பு இல்லையம்மா, ரத்தக்குழாய்" என்று திருப்பி அனுப்பினார். அதற்கே ஒரு நாள் சம்பளம் போயிற்று. அப்புறம் வேறு எங்கேயும் போகாமல், ஸ்டாக்கிங்தான் இருக்கிறதே என்று நானாகப் போட்டுக்கொண்டிருந்தேன். வலி குறைந்தது. வலி குறைந்ததால் நோயும் குறைகிறது என்று நினைத்தேன். கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து, காய்ந்து, ராத்திரி அரிக்க ஆரம்பித்த பிறகுதான் ரத்தக்குழாய் டாக்டரிடம் போனேன். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் புண்ணாகியிருக்கும், ஆறுவதற்கு மாதக்கணக்காகும் என்றார். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, 2023 ஜனவரியில் பழுதான சிரைக்கு லேசர் செய்தார்கள். அன்றைக்கே நடந்து வீட்டுக்கு வந்தேன். கறுப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

காலில் புடைப்பு இருந்தால் பார்க்க வேண்டியது ரத்தக்குழாய் சிகிச்சைப் பிரிவு. பெரிய அரசு மருத்துவமனைகளில் தனியாகவே உண்டு.

17 மார்ச் 2024
"படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால் போட வேண்டும் என்று போட்டிருக்கிறதே, குளிப்பது எப்போது?" என்ற கேள்விக்கு.

நானும் இதில்தான் திண்டாடினேன். அஞ்சு மணிக்கு எழுந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டு, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, குளித்து, எட்டே முக்காலுக்குப் பஸ். அதற்குள் கால் பாதி வீங்கிவிடும். காலையில் போட்டுக்கொண்டு குளிக்கும்போது கழற்றி மறுபடி போடுகிற பொறுமை யாருக்கு இருக்கிறது? நான் கண்டுபிடித்த வழி இது: குளித்துவிட்டுக் கால் மணி நேரம் பாயில் மல்லாந்து படுத்து, காலைச் சுவரில் ஏற்றி வைத்துக்கொள்வேன். தேங்கியது இறங்கிவிடும். எழாமல் அப்படியே உட்கார்ந்து போட்டுவிடுவேன். அந்தக் கால் மணி நேரம் கிடைப்பதற்காக என் வீட்டுக்காரர் இப்போது டிபன் பாக்ஸ் கட்டுகிறார்.

தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் ராத்திரி கழற்றிய பிறகு தடவுங்கள். எண்ணெய் பட்டால் இழையில் இருக்கும் ரப்பர் சீக்கிரம் தளரும். தினமும் பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் துண்டில் சுற்றி அழுத்தி, நிழலில் போடுங்கள். மாடி வெயிலில் கொடியில் போட்டு ஒரு ஜோடியை நான் மூன்றே வாரத்தில் தளர்த்திவிட்டேன். 2,400 ரூபாய்.

2 ஏப்ரல் 2024
மார்ச் 3-ஆம் தேதி எழுதியதில் கடைசி வரியை அடித்துவிடுங்கள். கால் வீங்குகிற யாருக்கும் உதவும் என்று எழுதியது தப்பு. தெரியாமல் எழுதிவிட்டேன், அதன் பலனைப் போன வாரம் வீட்டிலேயே பார்த்தேன்.

என் மாமியாருக்கு வயது 67, சர்க்கரை 20 வருஷமாக இருக்கிறது. கால் வீங்குகிறதே என்று என்னுடைய பழைய ஜோடியை நானே போட்டுவிட்டேன். அத்தை ஒரு வார்த்தை வலிக்கிறது என்று சொல்லவில்லை. சாயங்காலம் கழற்றும்போது பாத விரல்கள் வெளுத்து, சில்லென்று இருந்தன. பெருவிரல் பக்கம் துணி மடிந்து ஆழமான பள்ளம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் அவருக்குத் தெரியவே இல்லை. மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன். அவர் என்னைத் திட்டியது நியாயம்.

அவர் சொன்னது: ஸ்டாக்கிங் மேலே ஏறும் ரத்தத்துக்குத்தான் உதவும். கீழே இறங்கும் தமனியிலேயே அடைப்பு இருந்தால், வருகிற கொஞ்ச ரத்தத்தையும் அது நெரித்துவிடும். சர்க்கரைக்காரர்கள், பீடி சிகரெட் பிடிக்கிறவர்கள், கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நின்றால் சரியாகிறவர்கள் இவர்களெல்லாம் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். கணுக்காலில் பிரஷர் பார்த்து, அதைக் கையின் பிரஷரால் வகுக்கிறார்கள். ஒன்றை ஒட்டி வந்தால் நல்லது. 0.5-க்குக் கீழே என்றால் ஸ்டாக்கிங்கைத் தொடவே கூடாது. நடுவில் வந்தால் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் கடினமாகி எண் பொய்யாகக் கூடவும் காட்டுமாம், அதனால் டாப்ளரும் பார்த்தார்கள். இதயம் பலவீனமாகிக் கால் வீங்கினாலும் இதே எச்சரிக்கைதான். அத்தைக்கு இப்போது விரல்கள் நன்றாக இருக்கின்றன. தினமும் ராத்திரி அவர் பாதத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

இன்னொன்று. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டையில் வலித்தால் ஸ்டாக்கிங் தேட வேண்டாம். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

24 ஏப்ரல் 2024
நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். ஆழ்வார்புரம் பக்கம் கூட்டத்துக்குள் ராத்திரி இரண்டு மணியிலிருந்து நின்றோம். ஸ்டாக்கிங் போட்டுத்தான் போனேன். நான்கு மணி நேரம் நின்றும் கால் தாங்கியது, ஆனால் செருப்பில்லாமல் மணலில் நடந்ததில் குதிகாலில் ஓட்டை.

எழுத வந்தது அதற்கில்லை. பக்கத்தில் ஒரு பையன், பத்தாவது படிப்பான், முகம் வெளுத்துச் சரிந்தான். நாலு பேர் பிடித்து நிமிர்த்தி நிற்கவைக்கப் பார்த்தார்கள். விழுந்தவனை நிமிர்த்தக் கூடாது! கால்களில் தேங்கியதால் மூளைக்கு ரத்தம் குறைந்துதான் விழுகிறான், உடம்பே அவனைப் படுக்கவைக்கிறது. என் வீட்டுக்காரர் கத்தி இடம் வாங்கினார். கிடத்தி, இரண்டு காலையும் என் மடியில் தூக்கி வைத்தேன். ஒரு நிமிஷத்தில் கண் திறந்து, "அழகர் வந்துட்டாரா?" என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஸ்கூலில் சுதந்திர தினத்தன்று வெயிலில் விறைப்பாக நிற்கும் பிள்ளைகள் விழுவதும் இதனால்தான்.

கண் இருட்டுகிற மாதிரி இருந்தால் விழும்வரை காத்திருக்காதே தங்கச்சி. காலைப் பின்னிக்கொண்டு தொடையையும் இடுப்பையும் இறுக்கு, முஷ்டியை மடக்கு. உட்கார முடிந்தால் உட்கார்ந்துவிடு.

11 மே 2024
ஹீமோகுளோபின் 8.4 என்று எழுதியிருக்கிறாய். கண் இருட்டியதை முழுக்கக் காலின் தலையில் போட்டேனே என்று வருத்தமாக இருக்கிறது. முதல் நாளே ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் தந்த இரும்பு மாத்திரையை நடுவில் நிறுத்தாதே.

தண்ணீர் பற்றி நீ எழுதியது எங்கள் கடையிலும் அப்படியே. பாத்ரூம் போக ஆள் மாற்றிவிட வேண்டும், கேட்டால் முகம் சுளிப்பார்கள், அதனால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. உடம்பில் இருக்கும் ரத்தத்தின் அளவே குறைந்து, அதிலும் ஒரு பங்கு காலில் நின்றுவிட்டால் தலைக்கு எது போகும்? சாப்பாட்டுக்கு முன்னால் அரை லிட்டர், மூன்று மணிக்கு அரை லிட்டர் என்று நான் கணக்கு வைத்துக் குடிக்கிறேன். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

23 ஜூன் 2024
கல்லூரி மகளுக்காகக் கேட்ட திருச்சி அம்மாவுக்கு. எழுந்து நின்ற பத்து நிமிஷத்துக்குள் நாடித்துடிப்பு 30-க்கு மேல் கூடுகிறது, வீங்கவில்லை, ஆனால் படபடப்பும் தலைசுற்றலும், பாதம் ஊதா நிறமாகிறது என்கிறீர்கள். என் பிரச்சினை வேறு, உங்கள் மகளுடையது வேறு. அதைப் பாட்ஸ் (POTS) என்கிறார்கள். சிரையின் கதவு பழுதில்லை, நிற்கும்போது ரத்தக்குழாய்களைச் சுருக்க வேண்டிய கட்டளை சரியாக வேலை செய்வதில்லை. அவர்களுக்குக் காலில் மட்டுமில்லை, வயிற்றுக்குள்ளும் நிறைய ரத்தம் தேங்குகிறது. அதனால் முழங்கால் வரை போடுவது பெரிதாக உதவாது. இடுப்பு வரை வரும் வகையோ, பிரசவத்துக்குப் பிறகு கட்டுகிற மாதிரி வயிற்றுப் பட்டையோ சேர்ந்தால்தான் பலன். உப்பும் தண்ணீரும் கூட்டச் சொல்வார்கள், ஆனால் உப்பைக் கூட்டுவது டாக்டர் சொல்லித்தான். "சோம்பேறி, எழுந்து நட" என்று அவளைச் சொல்லிவிடாதீர்கள் அம்மா.

4 ஆகஸ்ட் 2024, இரவு 11.50
ஆடித் தள்ளுபடி. பன்னிரண்டரை மணி நேரம்.

இன்றைக்கு ஒன்று நடந்தது, எழுதாமல் தூக்கம் வராது. கூட்டம் குறைந்த நேரத்தில் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். மேற்பார்வையாளர் வந்து, "உனக்குத்தான் காலில் ஸ்டாக்கிங் இருக்கிறதே, ஸ்டூல் எதற்கு?" என்றார்.

கேரளாவில் துணிக்கடைப் பெண்கள் போராடி 2018-ல் உட்காரும் உரிமையை வாங்கினார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள் சட்டத்தைத் திருத்தி, 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். எல்லாக் கடையிலும் ஊழியர் உட்கார வசதி இருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் எங்கள் தளத்துக்கு நான்கு ஸ்டூல் வந்தது. வந்ததே தவிர, உட்கார்ந்தால் முறைப்பு. என் சொந்தக் காசில், வலி தாங்காமல் நான் வாங்கிப் போட்டதை என் ஸ்டூலைப் பறிக்கக் காரணமாகச் சொல்கிறாரே என்று அழுகையே வந்துவிட்டது. "சார், இது வீங்காமல் இருக்க, அது உட்கார. ரெண்டும் வேணும்" என்று சொன்னேன். எழவில்லை. பக்கத்துக் கவுண்டர் பெண்ணும் வந்து உட்கார்ந்தாள்.

5 ஆகஸ்ட் 2024
ராத்திரி கோபத்தில் எழுதியது, ஆனால் ஒரு வார்த்தையையும் மாற்றப் போவதில்லை. சேர்க்க மட்டும் ஒன்று. எட்டு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாலும் ரத்தம் தேங்கத்தான் செய்யும், பஸ்ஸில் சென்னைக்குப் போய் இறங்கினால் பாதத்தைப் பாருங்கள். கொஞ்சம் உட்கார்ந்து, கொஞ்சம் நின்று, நடுநடுவே நடக்க வேண்டும். சேலை மடிக்கும்போது நான் ஒவ்வொரு சேலைக்கும் பத்துத் தடவை குதிகாலைத் தூக்கி இறக்குகிறேன். வாடிக்கையாளருக்குத் தெரியாது, கவுண்டர் மறைத்துவிடும்.

15 செப்டம்பர் 2024
இந்த ஸ்டாக்கிங்கைக் கண்டுபிடித்த கதை கிடைத்தது. கான்ராட் ஜாப்ஸ்ட் என்று ஜெர்மனியில் பிறந்த இன்ஜினியர், அமெரிக்காவில் டொலிடோ ஊரில் இருந்தவர். அவருக்கே சிரை பழுதாகிக் காலில் புண். நீச்சல்குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி குறைவதைக் கவனித்தார். தண்ணீரின் அழுத்தம் ஆழம் போகப்போகக் கூடும். அதனால் கணுக்காலில் அதிகம், மேலே குறைவு. அதே கணக்கில் காலுறை செய்தால் என்ன என்று யோசித்து, 1950-களில் கொண்டுவந்தார்.

படித்ததும் எனக்கு மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய் ஞாபகம் வந்தது. நடவு முடிந்து அம்மாவும் சித்திமாரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சும்மா நிற்பார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள், கரைக்கு வர மனசே இருக்காது. அழுக்குப் போக நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கும் கால் முழுக்கப் பச்சைப் பச்சையாக ஓடும். அவளுக்கு யாரும் டேப் வைத்து அளக்கவில்லை.

3 நவம்பர் 2024
தீபாவளி முடிந்து இன்றைக்குத்தான் லீவு. இந்தத் தடவை கடைசி வாரத்தில் கால் வீங்கியது. பயந்துபோய்ப் பார்த்தால் ஸ்டாக்கிங்தான் தளர்ந்துவிட்டது, ஏழு மாதம் ஆகிவிட்டது. போடும்போது சிரமம் இல்லாமல் சுலபமாக ஏறினாலே ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ஆறு மாதத்துக்கு மேல் இழுக்காதீர்கள். இரண்டு ஜோடி வைத்து மாற்றிப் போட்டால் நல்லது.

தங்கச்சி, ஹீமோகுளோபின் 11.2 வந்தது கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், அத்தையிடமும் சொன்னேன். புது ஜோடி வாங்கப் போகிறேன் என்றாயே, இன்றைக்குக் காலையில் நான் அளந்தது: இடது கணுக்கால் 22.5 செ.மீ., வலது 22. கெண்டை இடது 36, வலது 35. லேசர் செய்த கால் இன்னும் கொஞ்சம் பருமன்தான். உனக்கும் இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது. நாளைக்கு எழுந்ததும் இரண்டையும் அளந்து எழுது, எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.